ஏழாம் வண்டிக்கு என்ன கோளாறு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் உன் மருமகளும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் ஆமாம் என்பாய், எனக்குக் கோபம் வரும்.

போன மாதம் போனில் நாம் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டிருக்கும். கடைசியில் நீதான் சட்டம் போட்டாய். “அக்கா, இனிமே ஆபீஸ் விஷயத்துக்குப் போன் பண்ணாத. எழுது. எழுதினா பாதிக் கோபம் பேனாவுலயே போயிடும்.” சரிடா பெரிய மனுஷா, எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். வீட்டிலிருந்து பேசலாம் என்றால் உன் அத்தான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்” என்பார். அதனால் தலைமை அலுவலகத்துக்குத் தினமும் போகிற ரசீதுப் பையில் இந்த உறையையும் செருகிவிடுகிறேன். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி போடு.

உன் பிள்ளை எங்கள் கிளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நீ இரண்டு வருஷம் தூக்கம் கெட்டுப் பெற்றெடுத்த சாஃப்ட்வேரைத்தான் சொல்கிறேன். இதுவரை இந்த மருந்துக் கிடங்கில் எந்த வண்டி எந்தக் கடைக்கு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தீர்மானித்தது நான். காலையில் வந்ததும் சாவிகளை மேஜையில் பரப்பி, டிரைவர்களின் முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். இப்போது நான் வரும் முன்பே பிரிண்டர் காகிதத்தைத் துப்பிவிடுகிறது. முதல் வண்டி இப்படிப் போ, இரண்டாம் வண்டி அப்படி வா என்று எல்லாம் அதுவே சொல்லிவிடுகிறது. எங்கள் மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாததால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பேப்பர்வெயிட். உன் பிள்ளை வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார் என்றால் பார்த்துக்கொள்.

சும்மா சொல்லக் கூடாது, டீசல் மிச்சமாகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அது போட்ட திட்டத்தை நான் மாற்றலாமா? மாற்றினால் யாருக்காவது தெரியுமா? பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

ரசீதுகளுக்கு நடுவில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கணக்குப் பிரிவுக்காரர் பயந்தே போய்விட்டார். நான் நலம். சாப்பிடுகிறேன். நம்பு.

மாற்றலாம் அக்கா. நீ அங்கே உட்கார்ந்திருப்பதே அதற்குத்தானே. திரையில் ‘மாற்று’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் காரணம் கேட்கும். வண்டிக் கோளாறு, சாலை அடைப்பு, வாடிக்கையாளர் கேட்டது, இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றியது எல்லாம் எங்களுக்கு அறிக்கையாக வரும். ஆனால் வண்டி எண் மட்டும்தான் வரும். யாரையும் வேவு பார்ப்பதற்கு நாங்கள் இதைச் செய்யவில்லை.

உண்மையில் இது எதற்கு என்று உனக்காவது புரிய வேண்டும். நம் நிறுவனத்தின் வண்டிகள் பாதி நேரம் காலியாகச் சுற்றுகின்றன. குளிரில் வைக்க வேண்டிய மருந்து வெயிலில் நிற்கிறது. இதைச் சரிசெய்தால் அடுத்த வருஷம் இன்னும் இரண்டு ஊர்களில் கிடங்கு திறக்கலாம் என்று இயக்குநர் கணக்குப் போட்டிருக்கிறார். உன் கிளைதான் சோதனைக் கிளை. அங்கே ஜெயித்தால் எல்லாக் கிளைக்கும் போகும். தோற்றால் எங்கள் குழுவையே கலைத்துவிடுவார்கள். என் மானம் உன் மேஜையில் இருக்கிறது, பார்த்துச் செய்.

அத்தான் எப்படி இருக்கிறார்? உங்கள் வீட்டிலிருந்து படித்த காலத்தில், சந்துக்குள் ஒரு விரல்கூட இடமில்லாத இடத்தில் அவர் வண்டியைப் பின்னால் எடுத்ததை நான் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அவர் மாதிரி நாலு பேர் இருந்தால் எனக்கு சாஃப்ட்வேரே வேண்டாம். மருமகளுக்கு என் முத்தம்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். உன் மருமகள் சைக்கிள் கற்றுக்கொள்கிறாள், முழங்கால் முழுக்கப் பிளாஸ்திரி.

உன் பொத்தானை அழுத்தப் பழகிவிட்டேன். ஏழாம் வண்டியைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. உன் பிள்ளை அதை நெடுஞ்சாலைக்கும் அந்த மூன்று பெரிய சந்திப்புகளுக்கும் அனுப்பப் பார்க்கிறது, திரும்பி வர இருட்டிவிடும் போலிருக்கிறது. நான் அதைப் பக்கத்துத் தெருக்களோடு நிறுத்தி, வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன். வண்டிக் கோளாறு என்று போடுகிறேன். வண்டிக்குக் காரணம் வைத்தாய், சாலைக்கு வைத்தாய், கடைக்காரனுக்கு வைத்தாய். ஆளுக்கு என்று ஒரு காரணம் ஏன் வைக்கவில்லை?

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. உன் அத்தானுக்கு டீ டம்ளரை இடது பக்கம் வைத்தால் கை பட்டுத் தட்டிவிடுகிறார். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பரவாயில்லை. இப்போதெல்லாம் வலது பக்கமே வைத்துவிடுகிறேன். நடக்கும்போது நான் அவருக்கு இடது பக்கம் நடக்கிறேன். போன வாரம் கதவோரம் நின்ற குழந்தைமேல் மோதிவிட்டு, “இவ எப்ப வந்தா?” என்று சிரிக்கிறார். அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். ஆண்களுக்கே கவனம் கொஞ்சம் கம்மிதான், என்ன சொல்கிறாய்?

இன்னொன்று. டிரைவர்களின் கண் பரிசோதனைச் சான்றிதழ் எல்லாம் உன் பிள்ளையிடம் இருக்குமா? காலாவதியானால் தானாகவே சொல்லிவிடுமா? சொன்னால் அந்த ஆளை என்ன செய்வார்கள்? வண்டியைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆளாக இருந்தால்?

பதில் போடு. வேலை வேலை என்று இருக்காதே.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே தலைக்குமேல் வேலை. மருமகளின் முழங்கால் ஆறிவிட்டதா?

சான்றிதழ் எல்லாம் பணியாளர் பிரிவின் பாடு, எங்களிடம் இல்லை. ஆளுக்குக் காரணம் வைக்காததும் யோசித்துச் செய்ததுதான். வைத்தால் ஒவ்வொரு கிளையிலும் பிடிக்காத டிரைவரை ஓரங்கட்ட அதைப் பயன்படுத்துவார்கள்.

உன்னிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நேற்று மீட்டிங்கில் உன் கிளையைத் திரையில் போட்டார்கள். எல்லாக் கட்டமும் பச்சை, ஏழாம் வண்டி மட்டும் சிவப்பு. இயக்குநர் என்னைப் பார்த்து, “அந்த வண்டிக்கு அப்படி என்ன கோளாறு? பட்டறையில கேட்டா ஒரு நாள்கூட அது ரிப்பேருக்கு வரலைங்கறாங்களே” என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. ஏழு செய்யாத வேலையை மற்ற வண்டிகள் தலையில் சுமக்கின்றன. அதனால் எங்கள் கணக்கே பொய்யாகிறது.

அந்த டிரைவர் உனக்கு என்ன மாமனா மச்சானா? சோம்பேறி என்றால் பேப்பர்வெயிட்டிடம் சொல். இரக்கப்பட்டு என் தலையில் கல்லைப் போடாதே. அடுத்த மாத அறிக்கைக்குள் சிவப்பு மறைய வேண்டும், தயவுசெய்து.

தம்பி


மார்ச் 4

அன்பு மச்சானுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் சிரிக்காதே. உன் அக்காவுக்குத் தெரியாமல் இந்தப் பையில் போடுகிறேன். அவள் காதுக்கு இது போகக் கூடாது.

உன் கம்ப்யூட்டருக்கு என்மேல் என்ன பகை? நான் ஏழாம் வண்டி ஓட்டுகிறேன். இந்தக் கிடங்கில் என்னைவிடப் பழைய டிரைவர் கிடையாது. நேற்று வந்த பையன்கள் நெடுஞ்சாலையில் பறக்கிறார்கள், எனக்குப் பின்தெருவில் நாலு கடை. ஆளாளுக்கு அதை ‘பென்ஷன் ரூட்’ என்று கிண்டல் செய்கிறார்கள். “அண்ணே, வழியில பெஞ்சு இருக்கு, உக்காந்து போங்க” என்கிறான் ஒருத்தன். சிரித்துக்கொண்டுதான் போகிறேன், உள்ளே எரிகிறது.

உன் அக்காவிடம் கேட்டால், “மெஷின் அப்படிப் போடுது, நான் என்ன பண்ண?” என்கிறாள். பாவம், அவளே அந்த மெஷினோடு மல்லுக்கட்டி ஓய்ந்து போயிருக்கிறாள். இதை வேறு அவள்மேல் ஏற்ற எனக்கு மனசில்லை. வண்டியின் இடது பக்கம் இரண்டு கீறல் விழுந்தது உண்மைதான், அது அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டை அசட்டுத்தனமான இடத்தில் வைத்ததால் வந்தது. அதற்காகவா என்னை ஓரங்கட்டுவது?

எனக்கு இந்த வேலை ஒன்றுதான் தெரியும் மச்சான். அதை ஒழுங்காகச் செய்யவாவது விடச் சொல். நீ பார்த்து நிமிர்த்திவிடு.

அத்தான்


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

ஏழாம் வண்டி யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. சொல்லக் கூடாது என்றார்கள், ஆனால் உனக்கே புரியும். அத்தானா அக்கா? நீ ஏன் இப்படிச் செய்கிறாய்? வயசாகிறது, அலையவிட வேண்டாம் என்று உனக்குப் பாசம் பொங்குகிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் உன் பாசத்தில் அந்த மனுஷன் கூனிக்குறுகி நிற்கிறார். பையன்கள் அவரைக் கிண்டல் செய்வது உனக்குத் தெரியுமா? வீட்டுக்காரருக்கு லேசான வேலை கொடுக்கிறாள் என்று நாளைக்கு ஒருத்தன் மேலே எழுதிப்போட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும்.

அதனால் நானே பூட்டிவிட்டேன். திங்கட்கிழமை முதல் உன் கிளையில் ‘மாற்று’ பொத்தான் வேலை செய்யாது. மாற்ற வேண்டுமானால் இங்கிருந்து அனுமதி வர வேண்டும். ஏழாம் வண்டி அதற்கு உரிய நெடுஞ்சாலைச் சுற்றிலேயே போகும். அத்தானுக்கும் இதைத் தனியாக எழுதிவிட்டேன், சந்தோஷப்படுவார்.

என்மேல் கோபம் வரும். வரட்டும். போன் பண்ணிக் கத்தாதே, எழுது. திங்களன்று நாள் முழுக்க இயக்குநரோடு மீட்டிங்.

தம்பி


மார்ச் 18

தம்பி,

திங்களன்று காலையில் உனக்குக் கை வலிக்க வலிக்கப் போன் பண்ணினேன். மாடிப்படியில் நின்று, கிடங்குக்குப் பின்னால் நின்று, கழிப்பறையில் நின்று. ஒவ்வொரு தடவையும் வெட்டினாய். கடைசியில், “மீட்டிங். எழுது அக்கா” என்று ஒரு குறுஞ்செய்தி. எழுதுகிறேன், படி.

உன் அத்தானுக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை.

ஒரு வருஷமாகத் தெரியவில்லை. அவருக்கே அது தெரியாது. தலையைத் திருப்பினால் தெரிகிறது, அதனால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். டம்ளரும் குழந்தையும் ஆஸ்பத்திரி கேட்டும் தானாக வந்து மோதுவதாக நினைக்கிறார். நான் அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். சாவி இல்லாத அந்த மனுஷனை வீட்டில் வைத்து நான் எப்படிப் பார்ப்பேன்? உன் பிள்ளையிடம் மட்டும்தான் தினமும் சொன்னேன், அதற்குப் புரிகிற வார்த்தையில். பாசம் பொங்குகிறதாம்!

சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டியதாயிற்று. உன் கடிதம் வந்ததிலிருந்து மனுஷன் புது மாப்பிள்ளை மாதிரி வண்டியைத் துடைக்கிறார். பேப்பர்வெயிட்டிடம் போய், “புது ரூட்டை நேர்ல பாத்தாதான் சார் மெஷினுக்குச் சொல்ல முடியும், நானும் போயிட்டு வரேன்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஏறி அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன்.

வழி முழுக்கப் பேசினேன். “அந்த ஆளு சைக்கிளை எங்க நிறுத்தியிருக்கான் பாருங்க.” “அந்தப் பொண்ணு பையை மாட்டிக்கிட்டு நடுரோட்டுக்கே வந்துட்டா, காலம் கெட்டுப்போச்சு.” “அந்தக் கடை போர்டுல என்னங்க எழுதியிருக்கு?” போர்டைப் பார்க்கத் திரும்பினால் அதன் கீழே நிற்கிற லாரியும் கண்ணில் படும் இல்லையா, அதற்காக. அவர் சிரித்தார். “என்ன இன்னிக்கு ரேடியோ மாதிரி பேசற? கல்யாணமான புதுசுலகூட இவ்வளவு பேசினதில்லையே.” எனக்கு நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குளிர்பெட்டியில் மருந்து, பின்னால் ஹாரன், எதிரே உலகம் முழுக்க இடது பக்கத்திலிருந்து வருவது போல இருந்தது.

திரும்பி வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. பெரிய சந்திப்பில் எனக்குப் பேச்சு தீர்ந்துபோனது. ஒரே ஒரு நொடிதான் தம்பி. ஒரு மோட்டார் சைக்கிள், ஓட்டுகிறவன் முன்னால் ஒரு குழந்தையை உட்கார வைத்திருக்கிறான். “நிறுத்துங்க!” என்று அலறினேன். நிறுத்திவிட்டார். கை நீட்டினால் அந்தக் குழந்தையின் தலையைத் தொட்டிருக்கலாம். அவன் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனான். உன் அத்தான் என்னைப் பார்த்து, “எங்கேருந்து வந்தான்?” என்றார். பொய்க்குக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

நேற்று முதுகுவலி என்று சொல்லி அவரை வீட்டில் பிடித்து வைத்தேன், முதுகு என்னுடையது. இன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு கதை. நாளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. திற. வேறு எதுவும் வேண்டாம், பூட்டைத் திற. இந்தக் கடிதத்தைப் பையில் போடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு இன்றே கிளம்புகிற டிரைவரிடம் கையில் கொடுத்து, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

நேற்று ராத்திரி வாசித்ததும் செய்த முதல் வேலை, ஏழாம் வண்டியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன். இன்று முதல் அது கிளம்பாது. காரணம் கேட்டது. வண்டிக் கோளாறு என்று நானே போட்டேன்.

அந்தத் திங்களன்று நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அன்றைக்குச் சாயங்காலம் உன் கிளை முதல் தடவையாக முழுப் பச்சை ஆனது. எல்லாரும் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நீ அந்தச் சந்திப்பில் அலறிய நேரம் அதுவாகத்தான் இருக்கும். காலையில் நீ கூப்பிட்டபோது மேஜையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது, நான் அதைக் கவிழ்த்து வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் அக்கா, பூட்டைத் திறக்க மாட்டேன். பின்தெருவில் குழந்தைகள் இல்லையா? அங்கே சைக்கிள் வராதா? இத்தனை நாள் நடக்காமல் இருந்தது நம் அதிர்ஷ்டம். மோட்டார் சைக்கிளில் இருந்த அந்தக் குழந்தையும் யாரோ ஒருத்தருக்கு மருமகள். இனி அத்தான் வண்டி எடுக்கக் கூடாது. இந்த வாரத்துக்குள் நீ அவரிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் வந்து சொல்வேன். என்னை வெறுத்தாலும் பரவாயில்லை.

இதையும் அதே டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இனி எந்த நேரமும் போன் பண்ணு, எடுப்பேன்.

தம்பி


ஏப்ரல் 2

அக்கா,

போன் பண்ணினால் எடுத்து, “எழுதறேன்” என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதவும் இல்லை. ஏழாம் வண்டி முற்றத்தைவிட்டு நகரவில்லை என்பது மட்டும் திரையில் தெரிகிறது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னாயா? அத்தான் என்ன சொன்னார்? ஒரு வரி, திட்டாவது எழுது. இந்த வாரம் லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் கொடுக்காவிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

தம்பி


ஏப்ரல் 16

அன்பு மச்சானுக்கு,

உடம்பு நலம். கண் நலமில்லை என்று உனக்குத் தெரியும்.

உன் அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வந்து வந்து சமையலறைக்குள் போய்விடுவாள். நானாகத்தான் கண்டுபிடித்தேன். வண்டி நின்றுபோனதும் முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அன்றைக்குப் பேசின பேச்சில் ஒன்றுகூட வலது பக்கத்தைப் பற்றி இல்லை மச்சான். சைக்கிள் இடது பக்கம், பெண் இடது பக்கம், போர்டு இடது பக்கம். எழுந்துபோய் ஏழாம் வண்டிக்கு எதிரில் நின்றேன். வலது கண்ணைப் பொத்தினேன். வண்டி காணாமல் போய்விட்டது. ஒரு ஹெட்லைட் மட்டும் ஊசி ஓட்டையில் பார்ப்பது போலத் தெரிந்தது.

உன் அக்காவிடம் சொல்லாமல் தனியாகப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தேன். கண்ணுக்குள் அழுத்தமாம். சத்தம் போடாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். போனது வராது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், வண்டியை மறந்துவிடு என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர், “வீட்டுல யாருமே கவனிக்கலையா? ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா இடது கண்ணுல பாதிக்கு மேல காப்பாத்தியிருக்கலாமே” என்றார்.

கவனித்தார்கள் டாக்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது.

உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் என் ரூட்டை மாற்றினது, நீ வண்டியையே நிறுத்தினது எல்லாம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. ஊரே சேர்ந்து என் கண்ணைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறது, என்னைத் தவிர. மனைவி மெஷினிடம் சொல்கிறாள், மச்சானிடம் சொல்கிறாள், வண்டி ஓட்டுகிறவனிடம் சொல்ல மாட்டாளா? வீடு வரை அதே ஆத்திரத்தோடு நடந்தேன். கதவைத் திறந்தாள். எனக்கு இடது பக்கமாக வந்து நின்றாள், பழக்கம். கையில் இருந்த மருந்துச் சீட்டைப் பார்த்ததும் அழுத அழுகை இருக்கிறதே, அப்படி ஒரு அழுகையை அவள் அப்பா போனபோதும் நான் பார்க்கவில்லை. “நான் முன்னாடியே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா? நிஜத்தைச் சொல்லுங்க” என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப வந்திருந்தாலும் இதேதான், நல்ல நேரத்துல வந்திருக்கீங்கன்னு டாக்டர் சொன்னார்” என்றேன். குழந்தைமேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன்.

இனி டாக்டரிடம் எப்போது போனாலும் நான் மட்டும்தான் உள்ளே போவேன். உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், யாரிடமாவது சொல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் கோபத்தில் அவளிடமே கொட்டிவிடுவேன். உன்னிடம் கொட்டியாயிற்று, இனி வராது. நீ பூட்டினதில் எனக்கு வருத்தமில்லை, கேட்டது நான்தான். வீட்டுப் பக்கம் வந்துவிட்டுப் போ. ஆனால் இந்த ஒரு விஷயம் அவளுக்குப் போகக் கூடாது. போன தடவை சொல்லாதே என்றேன், பூடகமாகச் சொல்லிவிட்டாய். இந்தத் தடவை அப்படிச் செய்தால் உன் முகத்தில் விழிக்க மாட்டேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அத்தான்


ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு என்னைத் திட்டாதே. பேனாவை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். இப்போது எல்லாரும் நலம், நிஜமாகவே நலம்.

உன் அத்தான் கண் டாக்டரைப் பார்த்துவிட்டார். வண்டி கிடையாது என்றாகிவிட்டது. பேப்பர்வெயிட்டிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள், வாங்கிக்கொண்டேன், அது எனக்குச் சேர வேண்டியதுதான். அவரைக் குளிர்பெட்டிகள் ஏற்றும் இடத்தில் மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். முதல் வாரம் யாரிடமும் பேசவில்லை. இப்போது பையன்களைப் பிடித்துத் திட்ட ஆரம்பித்துவிட்டார், “பெட்டியைத் தூக்கறியா, பிள்ளையைத் தாலாட்டறியா?” என்று சத்தம் என் மேஜை வரை கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு வேலை ஓடுகிறது.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை தம்பி. அடித்திருந்தால்கூடத் தேவலை. “நல்ல நேரத்துல வந்திருக்கீங்க” என்று டாக்டர் சொன்னாராம். குழந்தைமேல் சத்தியம் பண்ணினார். அதற்கு அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது. ஆனாலும் சில நேரம் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்ப்பேன். எனக்காகச் சொல்கிறாரோ என்று தோன்றும்.

நீ படித்தவன். எதையும் நோண்டி நோண்டிப் பார்க்காமல் விட மாட்டாய், இந்த வியாதியைப் பற்றியும் படித்திருப்பாய். நீ எனக்குப் பொய் சொல்ல மாட்டாய், சின்ன வயசிலிருந்தே உனக்கு அது வராது. அதனால் கேட்கிறேன். ஒரு வருஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அவர் கண்ணுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லையே?

எழுது. காத்துக்கொண்டிருப்பேன்.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து நிம்மதி. நான் நலம். மெமோவைப் பற்றிக் கவலைப்படாதே, நான் செய்ததையும் இங்கே எழுதிக் கொடுத்துவிட்டேன், எனக்கும் ஒன்று வந்திருக்கிறது. டிரைவர்களின் கண் சான்றிதழைக் கேட்காமல் சாவி கொடுக்கச் சொல்லக் கூடாது என்று சாஃப்ட்வேரை மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதனால் வேலை எப்படி வேகமாகும் என்று இயக்குநர் கேட்டார். வேகமாகாது சார் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். படித்தேன் அக்கா. இங்கே ஒரு கண் டாக்டரிடமும் போய் அத்தானைப் பற்றி எல்லாம் சொல்லிக் கேட்டேன். நீ ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். உன்னால் எதுவும் கெட்டுப்போகவில்லை. இனி இதை யாரிடமும் கேட்காதே. சாப்பிடு, தூங்கு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மருமகளுக்குச் சைக்கிள் மணி வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி